எண்ணெய்க்கு ஆகாதது மண்ணுக்கு ஆகும்

முப்பத்துநான்கு வருசம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு சிவகங்கைப் பக்கம் நாலரை ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்து வருகிறேன். ஊரில் இன்னும் என்னை ‘பேங்க்காரர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாராவது ‘திட்டம்’ என்று ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தால், “பேங்க்காரர்ட்ட காட்டுங்க” என்று என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

போன தை மாதம் அப்படித்தான் இரண்டு பேர் காரில் வந்தார்கள். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கூட்டத்தில் அரை மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள். மரத்தூள், மரச்சீவல், சீமைக்கருவேலம், தென்னை மட்டை, பருத்திமார், மிளகாய்மார் என்று எதைக் கொடுத்தாலும் அவர்களுடைய இயந்திரம் எண்ணெயாக்கிவிடுமாம். பெயர் ‘பயோ ஆயில்’. டீசலுக்குப் பதிலாக ஊற்றலாமாம். கரியும் கிடைக்குமாம். இயந்திரத்துக்கு வேண்டிய சூட்டையும் அதே மரம் கொடுத்துவிடுமாம். உறுப்பினருக்குப் பத்தாயிரம் ரூபாய் பங்கு, மீதி வங்கிக் கடன். “உங்க குப்பைக்குத்தான் சார் நாங்க காசு குடுக்குறோம்” என்று முடித்தார் ஒருவர்.

கூட்டத்தில் எல்லார் முகத்திலும் வெளிச்சம். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு, கண்மாயிலும் வேலியோரத்திலும் கிடக்கும் கருவையில் டீசல் இருக்கிறது என்றால் ஆசை வராதா? எனக்கும் வந்தது. ஆனால் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காட்டாமணக்குக் கடன்

2003-ல் திட்டக்குழு அமைத்த குழு ஒன்று, காட்டாமணக்கு விதையிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்று பெரிய திட்டத்தைப் பரிந்துரைத்தது. 2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தரிசில் வளரும், ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம் என்றார்கள். நான் மேலாளராக இருந்த கிளையில் பதினொரு பேருக்கு அதற்குக் கடன் கொடுத்தேன். ஒரு கம்பெனியின் கொள்முதல் ஒப்பந்தம் ஃபைலில் பத்திரமாக இருந்தது.

செடி பிழைத்தது. தண்ணீர் இல்லாமல் சொன்ன அளவுக்குக் காய்க்கவில்லை. காய்த்த கொஞ்சத்தை வாங்கவும் கம்பெனி வரவில்லை. ஒரு நாள் பெரியவர் ஒருவர் அரை மூட்டை விதையைக் கொண்டுவந்து என் மேசை முன்னால் வைத்தார். “மேனேஜரய்யா, காய் காச்சிருக்கு. வாங்கத்தான் ஆளில்ல. நீங்களே எடுத்துக்கிட்டு வரவு வச்சுக்கங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கடைசியில் உழவு மாட்டை விற்றுக் கடனை அடைத்தார். ஏட்டில் கணக்கை முடித்தேன். எனக்குள் அது முடியவில்லை.

என் தப்பு என்ன? அந்த விதையில் எவ்வளவு எண்ணெய், மானாவாரியில் எவ்வளவு காய், வாங்குகிறவன் அதை வைத்து என்ன செய்வான் என்று கேட்டிருக்க வேண்டும். நான் ஃபைலில் எல்லாத் தாளும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். எரிபொருள் என்ற பேச்சு மறுபடி ஊருக்குள் வரும்போது, இந்த முறை பொருளைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆறேழு மாதம் படித்தேன், கேட்டேன், மர மில்களுக்கு நடந்தேன். அதில் தெரிந்ததை இங்கே வைக்கிறேன்.

பாட்டிலில் இருந்தது என்ன?

வந்தவர்கள் மாதிரிக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார்கள். கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவான நிறம். புகை வாடையோடு காடி வாடையும் அடித்தது. பாதியைக் கண்ணாடி பாட்டிலிலும் பாதியைப் பழைய இரும்பு டப்பாவிலும் ஊற்றி மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்தேன். சித்திரை வெயில் தாண்டி ஆடியில் எடுத்துப் பார்த்தால், பாட்டிலில் மேலே தண்ணி மாதிரி ஒன்று, கீழே தார் மாதிரி ஒன்று, இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. டப்பா அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, பரண் பலகையில் ஒழுகிக் கிடந்தது.

கோளாறு அந்த ஒரு கம்பெனியுடையது மட்டும் அல்ல. மர எண்ணெயின் பிறவிக் குணமே அதுதான்.

காற்றுப் புகாமல் மரத்தைச் சூடாக்கினால் மூன்று பொருள் வரும்: கரி, ஆவி, வாயு. நம் பக்கத்துக் கரிமூட்டத்தில் நடப்பதும் இதுதான். மூட்டத்தில் மெதுவாகச் சூடேறுவதால் கரி கிடைக்கிறது, ஆவி புகையாகப் போய்விடுகிறது. அதே மரத்தைப் பொடியாக்கி, ஏறக்குறைய 500 டிகிரி சூட்டில் சட்டென்று காட்டி, வரும் ஆவியை இரண்டு வினாடிக்குள் குளிர்வித்தால், மரத்தின் எடையில் 60 முதல் 75 சதவீதம் வரை திரவமாகப் பிடிக்கலாம். அந்தத் திரவம்தான் பயோ ஆயில்.

எண்ணெய் என்று பெயர் இருந்தாலும் நல்லெண்ணெய்க்கும் டீசலுக்கும் அது சொந்தக்காரன் இல்லை. அதில் 15 முதல் 30 சதவீதம் தண்ணீர். மரத்தில் இருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. அதனால்தான் என் டப்பா ஓட்டையானது. டீசலோடு கலக்காது. வைக்க வைக்கக் கெட்டிப்படும், சூடாக்கினால் இன்னும் சீக்கிரம் கெட்டிப்படும். பம்ப்செட்டில் ஊற்றினால் பம்பை அரிக்கும், நாசிலை அடைக்கும்.

சூட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். டீசல் கிலோவுக்கு 10,000 கிலோ கலோரிக்குச் சற்று மேல் தரும். மர எண்ணெய் ஏறக்குறைய 4,000. காய்ந்த விறகும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மர எண்ணெய் கனமானது, லிட்டர் 1.2 கிலோ. அதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலைக்கு இது ஒன்றே முக்கால் லிட்டர் வேண்டும். வந்தவர்கள் ‘லிட்டருக்கு லிட்டர்’ விலையை ஒப்பிட்டுத்தான் லாபம் காட்டியிருந்தார்கள்.

அப்படியானால் விறகையே எரித்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு கன மீட்டர் மரத்தூள் இருநூறு கிலோகூட இருக்காது; அதே இடத்தில் எண்ணெய் 1,200 கிலோ நிற்கும். குழாயில் போகும், வேண்டும்போது கூட்டலாம் குறைக்கலாம், சாம்பல் அள்ள வேண்டாம். பாய்லர் வைத்து ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் ஆலைக்கு இதனால் பயன் உண்டு. நம் பம்ப்செட்டுக்குத்தான் இல்லை.

தரம் எங்கே கூடுகிறது?

மர எண்ணெயின் தரத்தைக் கூட்ட உலகம் முழுக்க வேலை நடக்கிறது. இதை மூன்று இடமாகப் பிரித்துக்கொள்ளலாம்: இயந்திரத்துக்கு முன்னால், இயந்திரத்துக்குள், இயந்திரத்துக்குப் பின்னால்.

பின்னால் செய்வதுதான் பெரிய வித்தை. எண்ணெயை நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து, வினையூக்கிக்கு மேலாக ஓட்டினால் ஆக்சிஜன் தண்ணீராகப் பிரியும். மிச்சம் டீசலுக்குப் பக்கத்தில் வரும். இதைச் செய்ய ஹைட்ரஜன் வேண்டும், பெரிய கலன்கள் வேண்டும், சுத்திகரிப்பு ஆலையே வேண்டும். வேறு வழி, ஆவியாக இருக்கும்போதே ஜியோலைட் வினையூக்கியில் காட்டுவது. தரம் கூடும், ஆனால் கிடைக்கும் எண்ணெய் குறையும், வினையூக்கியில் கரி படியும். சின்ன அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நூற்றுக்குப் பத்து அளவு மெத்தனாலோ எத்தனாலோ சேர்த்தால் கெட்டிப்படுவது வெகுவாக மெதுவாகும். அதற்கும் செலவு உண்டு. மெத்தனால் விஷம் வேறு.

இயந்திரத்துக்குள் செய்வது பொறியாளர் வேலை. சீக்கிரம் சூடாக்க வேண்டும், சீக்கிரம் குளிர்விக்க வேண்டும். ஆவியோடு பறந்து வரும் கரித்துகளை எண்ணெயில் விழுமுன் பிடித்துவிட வேண்டும். துகள் உள்ளே தங்கினால் எண்ணெய் சீக்கிரம் கெடும். ஒரே தொட்டியில் குளிர்விக்காமல் படிப்படியாகக் குளிர்வித்தால் முதல் படியில் கனமான எண்ணெயும் கடைசிப் படியில் தண்ணீரும் காடியும் தனித்தனியாக விழும்.

முன்னால் செய்வது? அது முழுக்க நம் வேலை. மூன்றே வார்த்தை: காயவை, உரி, சலி.

பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். அதை 10 சதவீதத்துக்குக் கீழே காயவைத்தால்தான் எண்ணெய் உருப்படும். எலும்பாகக் காய்ந்த மரத்திலிருந்தும் சூட்டில் கொஞ்சம் தண்ணீர் பிறக்கத்தான் செய்யும். அதற்கு மேல் நாமும் ஈரத்தைக் கொடுத்தால் அத்தனையும் எண்ணெயில்தான் போய் விழும். 30 சதவீதத்தைத் தாண்டினால் என் பாட்டில் மாதிரி இரண்டாகப் பிரிந்துவிடும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி7544 தரக்குறிப்பில் தண்ணீருக்கு உச்ச வரம்பு 30 சதவீதம் என்று வைத்திருப்பதைப் பாருங்கள். கொதிகலனுக்கான ஐரோப்பியத் தரக்குறிப்பும் 2017-ல் வந்துவிட்டது. இதற்கெல்லாம் அளவுகோல் இல்லை என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

அளவும் முக்கியம். துண்டு பெரிதாக இருந்தால் உள்ளே சூடு ஏற நேரமாகும். எண்ணெய் வரவேண்டிய இடத்தில் கரி வரும். சில மில்லிமீட்டர் அளவுக்குச் சலித்த தூளும் சீவலும்தான் வேண்டும். மண்ணும் மணலும் இருக்கக் கூடாது.

பட்டையின் கதை

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. இயற்கை வழி உழவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

மர எண்ணெயைக் கெடுப்பதில் தண்ணீருக்கு அடுத்த இடம் சாம்பல் சத்துக்கு. குறிப்பாகப் பொட்டாசியம். ஆவி வரும்போது பொட்டாசியம் பக்கத்தில் இருந்தால், எண்ணெயாக வேண்டியது உடைந்து தண்ணீராகவும் வாயுவாகவும் கரியாகவும் போய்விடும். எண்ணெய் அளவும் குறையும், தரமும் குறையும். பட்டை உரித்த நல்ல மரத்தில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோ அளவுதான் சாம்பல். பட்டையில் அது பல மடங்கு. இலை, கொழுந்துக் குச்சி, தாள், மார் எல்லாம் இன்னும் மோசம். நெல் வைக்கோலில் நூற்றுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் சாம்பல். அதனால் ‘எதைக் கொடுத்தாலும் எண்ணெயாக்குவோம்’ என்று சொல்கிறவர் ஒன்று எண்ணெய் பற்றித் தெரியாதவர், அல்லது நமக்குத் தெரியாது என்று நினைப்பவர்.

இப்போது நம் பக்கத்திலிருந்து பாருங்கள். இலையும் பட்டையும் கொழுந்துக் குச்சியும் நமக்கு என்ன? மூடாக்கு. மண்புழுவுக்குத் தீனி. கடைக்குப் போய் மூட்டை கணக்கில் வாங்காமல் நிலத்துக்குத் திரும்பி வரும் பொட்டாஷ். எண்ணெய்க்காரனுக்கு எது விஷமோ, அதுதான் நம் மண்ணுக்குச் சோறு. எண்ணெயின் தரத்தைக் கூட்ட வேண்டுமானால் இலையையும் பட்டையையும் நிலத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். மண்ணைக் காப்பாற்ற வேண்டுமானாலும் அதையேதான் செய்ய வேண்டும். இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

பருத்திமாரும் மிளகாய்மாரும் தென்னை மட்டையும் ‘குப்பை’ என்று வந்தவர் சொன்னாரே, அது எண்ணெய்க்கும் நல்லதில்லை, நமக்கும் குப்பையில்லை. அதை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, அடுத்த பட்டத்துக்கு வெளியே உரம் தேடுவது, சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வட்டிக்கு வாங்குவது மாதிரி.

வெளியூரில் ஓடியதும் ஓடாததும்

ஃபின்லாந்தில் யோயென்சு என்ற ஊரில் 2013-ல் ஒரு மர எண்ணெய் ஆலை தொடங்கினார்கள். ஏற்கெனவே இருந்த மின், வெப்ப நிலையத்தோடு சேர்த்தே கட்டினார்கள். எண்ணெய் ஊருக்குச் சூடு தரும் கொதிகலன்களுக்குப் போனது. நெதர்லாந்தில் ஹெங்கலோ நகரில் 2015-ல் தொடங்கிய ஆலையின் எண்ணெயை ஒரு பால் ஆலை நீராவிக்கு வாங்கிக்கொண்டது. ஸ்வீடனில் யெவ்லே பக்கம் 2021-ல் வந்த ஆலையை ஒரு மர மில்லின் வளாகத்திலேயே கட்டினார்கள். அந்த மில்லின் மரத்தூளை எண்ணெயாக்கிச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினார்கள். டீசல் தரத்துக்குக் கொண்டுவரும் வேலையைச் சுத்திகரிப்பு ஆலையே பார்த்துக்கொண்டது.

மூன்றிலும் பொதுவானது என்ன? மரம் சுத்தமானது, ஒரே மாதிரியானது. எண்ணெயை யார், எதற்கு எரிக்கப்போகிறார் என்பது முன்கூட்டியே முடிவானது. எந்த ஆலையும் தானே டீசல் காய்ச்சி ஊருக்கு விற்கிறேன் என்று தொடங்கவில்லை.

அப்படித் தொடங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கியோர் என்ற கம்பெனி, பைன் மரச்சீவலிலிருந்து வினையூக்கி வழியாக நேரடியாகப் பெட்ரோல், டீசல் எடுப்பதாகச் சொல்லிப் பெரிய ஆலை கட்டியது. மாநில அரசே 7.5 கோடி டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எதிர்பார்த்த எண்ணெய் கிடைக்கவில்லை. 2014 நவம்பரில் திவால் மனுப் போட்டார்கள். அரசாங்கத்துக்கே, அத்தனை நிபுணர்களை வைத்துக்கொண்டு, கணக்கு தப்பியிருக்கிறது. நம் உறுப்பினரின் பத்தாயிரம் ரூபாய்க்கு யார் பாதுகாப்பு?

எங்கள் ஊர்க் கணக்கு

வந்தவர்களின் இயந்திரம் நாளைக்குப் பத்து டன் காய்ந்த மரம் கேட்கிறது. பச்சையாக வெட்டினால் அது பதினெட்டு டன். வருசம் 300 நாள் ஓடினால் 5,400 டன். எங்களைச் சுற்றியுள்ள நான்கு மர மில்களிலும் போய்க் கேட்டேன். எல்லாம் சேர்த்து நாளைக்கு மூன்று டன் கழிவு தேறவில்லை. அதிலும் பாதி ஏற்கெனவே செங்கல் காளவாசலுக்கும் மரத்தூள் அடுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சத்துக்குச் சீமைக்கருவேலம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. அதை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழ்நாடு அரசு கொள்கையும் வெளியிட்டது. ஆனால் வேரோடு பிடுங்கினால் நாலைந்து வருசத்தில் தீரும். கடன் தவணை எட்டு வருசம். ஐந்தாம் வருசம் இயந்திரத்துக்குப் பசித்தால் எதை வெட்டுவோம்? கண்மாய்க்கரைப் புளியையும் வேம்பையுமா? அல்லது கருவையை வேரோடு பிடுங்காமல் மறுபடி துளிர்க்க விட்டு வளர்ப்போமா?

இன்னொன்று. எண்ணெய், கரி, இயந்திரத்துக்குச் சூடு, மூன்றையும் முழு அளவில் கணக்கில் எழுதியிருந்தார்கள். எண்ணெயைக் குறிவைக்கும் ஆலைகளில் கரி கொஞ்சம்தான் வரும். அதையும் பெரும்பாலும் ஆலைச் சூட்டுக்கே எரித்துவிடுகிறார்கள். கரியை நமக்குக் கொடுத்தால் சூட்டுக்கு வேறு விறகு வேண்டும். ஒரே நிலத்தை இரண்டு வங்கியில் அடமானம் வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரே மரத்தை மூன்று இடத்தில் வைத்திருந்தார்கள்.

என் கருத்து

நான் இந்தத் தொழிலுக்கு எதிரி இல்லை. தூத்துக்குடியிலும் திருப்பூரிலும் கொதிகலனுக்கு எதையோ எரிக்கத்தான் போகிறார்கள். தோண்டி எடுத்த எண்ணெய்க்குப் பதில் கருவைத் தடியை எரித்தால் நல்லதுதான். நான் சொல்வது ஒன்றுதான்: தரம் கூடும் மூன்று இடத்தில், நமக்குத் தெரிந்த, நம் கையில் இருக்கும் இடம் முதல் இடம். நம் பணம் அங்கேதான் போக வேண்டும். இயந்திரம் கம்பெனியுடையதாக இருக்கட்டும், களம் நம்முடையதாக இருக்கட்டும்.

சிமென்ட் களம், மேலே மழைக்கு ஒரு கூரை, ஒரு சீவல் இயந்திரம், சல்லடை, எடைமேடை. கருவையை வெட்டிய இடத்திலேயே இலையையும் மிலாரையும் கழித்து விட்டுவிட்டு, தடியை மட்டும் கொண்டுவந்து, பட்டை நீக்கி, சீவி, சித்திரை வெயிலில் காயவைத்து, ஈரம் பார்த்து எடை போட்டுக் கொடுப்போம். பட்டை உறுப்பினர் நிலத்துக்கு மூடாக்காகத் திரும்பட்டும். இதில் ஊர்ப் பெண்களுக்கும் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கூலி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய்க் கம்பெனி நாளைக்கே ஓடிவிட்டாலும் காய்ந்த சுத்தமான சீவலை எந்தக் கொதிகலன்காரனும் வாங்குவான். அரை மூட்டை விதையோடு என் மேசை முன்னால் நின்ற பெரியவருக்கு இல்லாமல் போன இரண்டாவது வாசல் இதுதான்.

உங்கள் ஊருக்கும் இந்த ஃபைல் வரலாம். வந்தால் கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, எண்ணெயில் தண்ணீர் எத்தனை சதவீதம், கசடு எத்தனை, கிலோவுக்கு எத்தனை கலோரி? கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும்.

இரண்டு, வைத்தால் கெடுமா? 80 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். சாதாரணச் சூட்டில் ஒரு வருசம் வைத்தால் ஆகிற கதியை அது ஏறக்குறைய காட்டிவிடும். ஆய்வகம் இல்லையென்றால் என் மாதிரி ஒரு பாட்டிலைப் பரணில் வையுங்கள். அவசரப்படுத்துகிறவரை அந்தப் பாட்டிலே காத்திருக்க வைக்கும்.

மூன்று, வாங்குவது யார்? கொதிகலன் வைத்திருக்கிற ஆலையின் பெயரும் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். எண்ணெய் விற்கிற கம்பெனியின் கையெழுத்து போதாது. தொட்டியும் குழாயும் துருப்பிடிக்காத எஃகா என்றும் கேளுங்கள்.

நான்கு, மரத்துக்கு விலை எப்படி? ‘டன்னுக்கு இவ்வளவு’ என்று ஒரே விலை போட்டால் ஈரமான, மண் ஒட்டிய, பட்டையோடு உள்ள மரம்தான் வந்து சேரும். காய்ந்ததற்கும் சுத்தமானதற்கும் கூடுதல் விலை என்று எழுதினால் ஊரே தரம் பார்க்கும். பாலுக்குக் கொழுப்புப் பார்த்து விலை போடுகிறார்கள் அல்லவா, அதேதான்.

ஐந்து, மேலே பிரிந்து நிற்கும் புளிப்புத் தண்ணீரை என்ன செய்வார்கள்? ‘பூச்சிவிரட்டியாக அடிக்கலாம்’ என்று நமக்கே இலவசமாகக் கொடுக்கப் பார்ப்பார்கள். கரிப் புகையிலிருந்து எடுக்கும் புகைநீரை ஜப்பானில் வெகு காலமாகப் பயன்படுத்துகிறார்கள், உண்மை. ஆனால் அதை மாதக்கணக்கில் தெளியவைத்து, தாரை நீக்கித்தான் எடுப்பார்கள். தார் கலந்ததை அப்படியே வயலில் ஊற்றினால் அது இன்னொரு ரசாயனம், அவ்வளவுதான். ஓடையில் விடுவதானால் சொல்லவே வேண்டாம்.

அடுத்த மாதம் எங்கள் பொதுக்குழு கூடுகிறது. பங்கு போட வேண்டாம், களம் போடுவோம் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பு இருக்கிறது. “நீங்க பேங்க்ல இருந்தப்பவும் இப்படித்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தீங்களா மாமா?” என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டான். இல்லை தம்பி, அப்போது யோசிக்கவில்லை. அதனால்தான் இப்போது யோசிக்கிறேன்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு ஆலை ஓடிக்கொண்டிருந்தால், நல்லதோ கெட்டதோ, இந்த இதழுக்கு எழுதுங்கள். பொதுக்குழுவில் என் பேச்சைவிட உங்கள் அனுபவம் கூடுதலாக எடுபடும்.